அண்ணி தோற்ற பரீட்சை

என் அருமை அண்ணைக்கு,

அண்ணிக்கு இடுப்பு மாற்றும் சத்திரசிகிச்சைக்கு நாள் கிடைத்துவிட்டது. ஏவன்டேல் வீட்டில் மாலை போட்ட உங்கள் படத்துக்கு முன்னால் நின்று அவரே சொல்லியிருப்பார். அதிக நேரம் நிற்க முடியாததால் நான் எழுதுகிறேன்.

நீங்கள் போன பிறகு இந்த வெள்ளைக்கார நாட்டில் பெரிய முன்னேற்றம். மருத்துவமனையை இப்போது கம்பெனி போல நடத்துகிறார்கள். யாருக்கு முதலில் சத்திரசிகிச்சை என்று முடிவுசெய்யப் புள்ளி போடுகிறார்கள். நோய் எவ்வளவு மோசமோ அவ்வளவு புள்ளி. நியாயமான முறைதான். ஆனால் அதை வகுத்தவர்கள் யாழ்ப்பாணத்தாரைச் சந்தித்ததில்லை. பரீட்சை என்றால் கெட்டிக்காரத்தனம் காட்டாமல் நம்மால் இருக்க முடியுமா?

உங்கள் காலத்தில் புள்ளி இல்லை, நிபுணரின் கேள்விகள் மட்டும்தான். அதிலேயே நீங்கள் முதலிடம். நெஞ்சு நோவோடு, கல்யாணத்துக்குப் போகிற கோட்டும் டையுமாகப் போய், "கொஞ்சம் வாய்வு, அவ்வளவுதான்" என்று நல்ல ஆங்கிலத்தில் சொன்னீர்கள். அவர் நம்பினார். காத்திருக்கச் சொன்னார். அந்தக் குளிர்காலம் முடியுமுன் போய்விட்டீர்கள். ஏன் அண்ணை, டொக்டரின் மனம் நோகக்கூடாது என்றா?

இந்த முறை மொழிபெயர்க்க நான் போனேன். அண்ணி பட்டுச்சேலை உடுத்தியிருந்தார். ஊன்றுதடியைக் காரிலேயே விட்டுவிட்டார்.

"டொக்டருக்கு முன்னால நொண்டிக்கொண்டோ போறது?"

இளம் பெண் டொக்டர். படி ஏறுவீர்களா என்று கேட்டார். "ஓம், ஏறுவன்." சமையல்? "மூண்டு கறி வைப்பன்."

"அண்ணி, நிக்க ஏலாமல் கதிரையில இருந்துதானே சமைக்கிறியள்?"

"சும்மா இரும் தம்பி. வீட்டுக் கதையை ஏன் இஞ்ச கொண்டுவாறீர்?"

அதையும் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். புள்ளி போட வேண்டிய டொக்டரின் பேனா அசையவில்லை.

அப்போது பெரிய டொக்டர் உள்ளே வந்தார். அவர் வர, அண்ணியால் மரியாதைக்கு எழும்பாமல் இருக்க முடியுமா? எழும்பவும் முடியவில்லை. மேசையைப் பிடித்தார், என் தோளைப் பிடித்தார், முகமெல்லாம் வியர்த்தது. இருங்கள், இருங்கள் என்றார் அவர். அண்ணி கேட்கவில்லை. பாதி எழும்பிய நிலையிலேயே "குட் மோர்னிங்" சொல்லி முடித்தார்.

டொக்டர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பேனா ஓடத் தொடங்கியது.

வெளியே வந்ததும் அண்ணி கேட்டார்: "என்னவாம், பாஸோ?"

"நல்லாத் தோத்துப்போனியள் அண்ணி. அடுத்த மாசம் ஒப்பரேஷன்."

அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டார். "அவரும் இப்பிடி ஒருக்காத் தோத்திருக்கலாம்" என்றார். பிறகு, "தம்பி, காரில அந்தத் தடி கிடக்கு. எடுத்துக்கொண்டு வாரும்."

எல்லாம் நன்றாக நடக்கும், கவலைப்படாதீர்கள். சத்திரசிகிச்சை முடிந்து கண் விழித்ததும், எவ்வளவு நோகிறது என்று தாதி கேட்பார். அண்ணி "பரவாயில்லை" என்பார். நான் கட்டில் பக்கத்திலேயே இருப்பேன். அந்த ஒரு சொல்லை மட்டும் மொழிபெயர்க்க மாட்டேன், அண்ணை.

அண்ணியின் தடியைத் தூக்கிக்கொண்டு திரியும்,
உங்கள் தம்பி