படையலுக்கு முன்

செவ்வாய், இரவு

பட்டுக்கோட்டையில் எல்லா மதத்தாரும் கூடிப் பேசிய கூட்டத்துக்குப் பக்கத்து வீட்டு பாத்திமா அக்காவோடு போனேன். மனதில் இருப்பதைக் கேட்கச் சொன்னார்கள். துணிந்து அக்காவையே கேட்டேன்.

“நான் பொங்கல் வச்சுக் குடுத்தா ஏன்க்கா வாங்க மாட்டேங்குறீங்க? எங்கள மட்டமா நெனக்கிறீங்களா?”

அக்கா திகைத்துப்போனார். “அப்படி இல்லம்மா. சாமிக்குப் படைச்சத நாங்க சாப்பிடக் கூடாது. சொன்னா உன் மனசு நோவுமேன்னு பேசாம இருந்தேன். படைக்கிறதுக்கு முன்னாடி குடுத்தா வாங்கிக்குவேன்.”

இத்தனை வருடமும் அதை இளக்காரம் என்றே நினைத்திருந்தேன்.

ஆனால் படைக்குமுன் யாருக்கும் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அதையும் சொன்னேன். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

“அப்ப சாமிக்குப் படைக்காத நாளாப் பாத்து செஞ்சு குடும்மா” என்றார்.

நாளை விசேஷம் எதுவும் இல்லை. வீட்டில் வெல்லம் இருக்கிறது.