பன்னிரண்டு மணி நேரப் பயிற்சி

மார்ச் 4, செவ்வாய்

ஏசி, ஃபிரிட்ஜ் பழுது பார்க்கும் பட்டறையில் பயிற்சிக்குச் சேர்ந்து இன்றோடு ஆறு மாதம். இன்றும் போன் எடுத்தேன், பில் எழுதினேன். மாலையில் முதலாளி பயிற்சிப் பதிவேட்டை நீட்டினார். அவர் கையெழுத்தில்: 'கம்ப்ரெசர் கழற்றி மாட்டுதல் - 12 மணி நேரம்.' நான் கம்ப்ரெசரைத் தொட்டதுகூட இல்லை. கீழே என் கையெழுத்து விழாவிட்டால் அரசு உதவித்தொகை வராது. போட்டேன்.

மார்ச் 6

வேலை எப்போது கற்றுத் தருவீர்கள் என்று முதலாளியிடம் கேட்டேவிட்டேன். "போன்ல பேசத் தெரிஞ்சதே பெரிய தொழில்தான்" என்றார். அவருக்கே சிரிப்பு வந்தது. என்னோடு பயிற்சிக்குச் சேர்ந்த பையன், நெட்டை என்று நாங்கள் கூப்பிடுபவன், இந்த ஆறு மாதமாக அவருடைய காரைக் கழுவுகிறான், பிள்ளைகளைப் பள்ளியில் விடுகிறான். வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்னும் ஆறு மாதத்தில் சான்றிதழ் கையில் என்கிறான். சான்றிதழை வைத்துக்கொண்டு எந்த ஃபிரிட்ஜிடம் காட்டுவது?

மார்ச் 11

எட்டு பில். முப்பத்தோரு போன்.

மார்ச் 14

உதவித்தொகை தரும் அரசுப் பயிற்சி அலுவலகத்துக்குப் போன் செய்தேன். மூன்று பேரிடம் மாற்றிவிட்டார்கள். மூன்றாமவர் பொறுமையாகவே சொன்னார்: "பதிவேட்டுல உங்க கையெழுத்து இருக்கேம்மா."

இருக்கிறது. யார் மேல் கோபப்படுவது?

மார்ச் 19

அக்கா வீட்டு ஃபிரிட்ஜ் நின்றுவிட்டது. உள்ளே மாமாவின் இன்சுலின். நீ இருக்கும்போது மெக்கானிக் எதற்கு என்று அக்கா பெருமையாகக் கூப்பிட்டாள். பின்பக்கம் கழற்றினேன். அப்படியே நின்றேன். எதைத் தொடுவது? அக்கா டார்ச் பிடித்தபடி காத்திருந்தாள், பிறகு என் முகத்தைப் பார்க்காமல் அதை அணைத்தாள். வந்த மெக்கானிக் கம்ப்ரெசரைக் கிளப்பும் ரிலே என்ற சின்னப் பாகத்தை மாற்றினார். பத்து நிமிடம்.

ச்சே. என்னத்துக்குப் போறேன் தினமும் அங்க?

மார்ச் 25

ஆய்வுக்கு அதிகாரி வந்தார், நடுத்தர வயதுப் பெண். காலையிலேயே முதலாளி எங்களுக்குப் புதுச் சீருடை கொடுத்து, என் கையில் ஒரு ஸ்பேனரைத் திணித்திருந்தார். அதிகாரி பதிவேட்டைப் புரட்டினார்.

"காஸ் நிரப்பியிருக்கீங்களே, எப்படின்னு சொல்லுங்க."

முதலாளி அவருக்குப் பின்னால் நின்று என்னையே பார்த்தார். நெட்டை தரையைப் பார்த்தான்.

"தெரியாது மேடம். இதுல எழுதியிருக்கற எதுவுமே எனக்குத் தெரியாது. கையெழுத்து மட்டும்தான் என்னுது."

அதிகாரி பேனாவை மூடி, மறுபடி திறந்தார்.

மார்ச் 28

பட்டறையைப் பயிற்சி இடங்களின் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள். விசாரணை முடியும்வரை எங்கள் இருவருக்கும் உதவித்தொகை நிறுத்தம். இப்படி ஆகும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. நெட்டை பேருந்து நிறுத்தம்வரை கூடவே வந்தான். "உனக்குச் சோறு போட அக்கா இருக்காங்க. எனக்கு யாரு? ஒரு வார்த்தை கேட்டுட்டுப் பேசியிருக்கலாமில்ல" என்றான். நான் பதில் சொல்வதற்குள் பேருந்தில் ஏறிவிட்டான்.

கேட்டிருக்கணும். கேட்டிருந்தா உண்மையைச் சொல்லியிருப்பேனா?

ஏப்ரல் 9

அலுவலகத்துக்கு இது நான்காவது நடை. பொய்யாகக் கையெழுத்துப் போட்ட குற்றம் என் மேலும் இருக்கிறதாம். நடந்ததை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தேன். நெட்டைக்கும் வேறு இடம் தர வேண்டும், அவன் மேல் தவறில்லை என்று கடைசியில் சேர்த்தேன்.

ஏப்ரல் 22

பதில் இல்லை.

மே 6

ஒரு குளிர்பதனக் கிடங்கில் இடம் கொடுத்திருக்கிறார்கள். பழைய ஆறு மாதம் கணக்கில் வராது, முதலிலிருந்து ஓராண்டு. நெட்டைக்கும் கடிதம் போயிருக்கிறது. அவன் வரவில்லை. எங்கோ வண்டி ஓட்டுகிறானாம். என் போனை எடுக்கவில்லை.

மே 8

இங்கே மூத்த மெக்கானிக் ஒரு பெண். அதிகம் பேசுவதில்லை. செம்புக் குழாய்களைப் பற்றவைக்கச் சொன்னார். முதல் மூன்று இணைப்பும் கசிந்தன. நான்காவது கசியாமல் நின்றது. பாராட்டுவார் என்று நிமிர்ந்தேன், அடுத்த குழாயை நீட்டினார்.

வலது கட்டை விரலில் கொப்புளம். பேனா பிடிக்க முடியவில்லை. இன்றைக்கு இவ்வளவுதான்.