கோபத்திலும் ஓம்

பன்றி கிளறிப் போட்ட ஈர மண்ணின் வாசனை இன்று விடிய மரவள்ளித் தோட்டத்தில் மூக்கில் ஏறியதும் உன் நினைவு வந்துவிட்டது, மச்சான். நீ நெஞ்சுவலியில் போய் இரண்டு மாரி கடந்துவிட்டது. உன்னோடு சேர்ந்து பன்றி விரட்டிய அதே பற்றைக் காணிக்கு இப்போது என் மகனோடு போகிறேன்.

நம் இருவருக்கும் ஒரு ஒழுங்கு இருந்தது. பற்றைக்குள் பிரிந்து போனால் துவக்கு வைத்திருப்பவன் கூப்பிட வேண்டும், மற்றவன் "ஓம்" என்று பதில் சொல்லி இருக்குமிடத்தைக் காட்ட வேண்டும். அந்தச் சத்தம் வராமல் விரல் விசைக்குப் போகக்கூடாது. ஊரில் சிலர் சிரித்தார்கள். பன்றிக்குச் சொல்லிவிட்டா சுடப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். நீ காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த ஒழுங்கை முறித்தவன் நான்தான். கரப்பந்துப் போட்டியில் நீ நடுவராக நின்று, நான் அடித்த பந்தை வெளியே என்று சொல்லிவிட்டாய். அன்றிலிருந்து உன்னோடு கதைக்கவில்லை. ஆனாலும் பன்றி விரட்ட வந்தேன், மரவள்ளி என்னுடையதுமல்லவா.

ஈச்சம் பற்றைக்குப் பின்னால் குந்தியிருந்து காலில் தைத்த முள்ளை எடுத்துக்கொண்டிருந்தேன். "மச்சான், எங்கை நிக்கிறாய்?" என்றாய். கேட்டது. கத்தட்டும் என்று இருந்தேன். மூன்று தரம் கூப்பிட்டாய். பிறகு துவக்கை மடித்துத் தோட்டாவை எடுக்கும் ஓசை கேட்டது. வந்து என்னைக் கண்டதும் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாய். நான் சிரித்தேன். எடுத்த தோட்டாவை நீ என் முன்னால் நீட்டிய பிறகுதான் சிரிப்பு நின்றது.

"பற்றை ஆடினது. பண்டியெண்டுதான் நினைச்சன்," என்றாய். பிறகு எழும்பி, "கோவம் உன்ரை பாட்டிலை இருக்கட்டும். என்னோடை கதைக்கவும் வேண்டாம். கூப்பிட்டா ஓம் எண்டு மட்டும் சொல்லு," என்றாய்.

இரண்டு கிழமை நமக்குள் அந்த ஒரு சொல்தான் நடந்தது. பிறகு ஒரு நாள் "ஓம், நிக்கிறன்" என்றேன். அடுத்த நாள் தேத்தண்ணி குடித்தாயா என்றும் கேட்டுவிட்டேன். நீ சிரிக்கத் தொடங்கினாய், எனக்கு வெட்கமாகிவிட்டது. அந்தப் பந்து உள்ளேதான் விழுந்தது, அதை இப்போதும் விட்டுத்தர மாட்டேன்.

இன்று துவக்கு மகனிடம் இருந்தது. முற்றத்து மாமரத்தை என்னைக் கேளாமல் தறித்துவிட்டான் என்று நான்கு நாளாக அவனோடு கதைப்பதில்லை. பற்றைக்கு அந்தப் பக்கமிருந்து "அப்பா, எங்கை நிக்கிறியள்?" என்று கூப்பிட்டான். கோபம் இன்னும் போகவில்லைதான்.

"ஓம் தம்பி, இஞ்சை பூவரசடியிலை நிக்கிறன்," என்றேன்.

துவக்கை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். என் முகத்தைப் பாராமல் மண்ணைப் பார்த்துக்கொண்டே, "மாரி துவங்க முன்னம் ஒரு மாங்கண்டு வைப்பம், அப்பா," என்றான்.

"ஓம்," என்றேன்.