கரண்டு குடுத்தாச்சு

இன்று காலை சுங்கத்துறையினர் சோதித்துப் பார்ப்பதற்காக யார்டில் நிலாவாரை இலை ஏற்றிய ஒரு கன்டெய்னர் பெட்டியைத் திறந்தார்கள். காய்ந்த இலையின் அந்தப் புழுங்கிய வாடை கடற்காற்றில் ஏறி அலுவலகம் வரைக்கும் வந்தது. என் கை தானாக மேசை மேல் கைக்குட்டையைத் தேடியது. பக்கத்து நாற்காலியில் நீ தும்ம ஆரம்பிப்பாய், நான் எடுத்து நீட்ட வேண்டும் என்று பழகிப்போன கை. விடாமல் தும்மி, கண்ணில் நீர் வழிய, "பேதிக்குக் குடுக்குத இல, மூக்கையும் சேத்துல்லா கழுவுது" என்று சொல்லிச் சிரிப்பாய். இன்று யாரும் தும்மவில்லை. வேலை ஓடவில்லை. வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நீ நாசரேத்துக்காரி, வாத்தியார் வீட்டுப் பெண், கணக்கு படித்தவள். நான் முத்தையாபுரத்தில் பஸ் ஏறி வருகிறவள், பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவள். இருவருக்கும் ஒரே வயது. துறைமுகத்துக்குப் போகிற பெட்டியும் அங்கிருந்து வருகிற பெட்டியும் தங்கிப் போகும் இந்த யார்டில் நம் மேசைகள் ஒட்டிக் கிடந்தன. உனக்கு எக்செல் ஷீட்டுகள். கேட்டிலிருந்து ஒன்று வரும், யார்டிலிருந்து ஒன்று, பில் போடுகிற இடத்திலிருந்து ஒன்று. மூன்றும் ஒன்றையே சொல்கின்றனவா என்று பார்த்துத் திருத்துவதிலேயே உன் காலைப்பொழுது போய்விடும். எனக்குத் தொலைபேசி. டிரெய்லர் ஓட்டுநர்களைக் கூப்பிட்டு, எந்தப் பெட்டி, எப்போது வரலாம், எங்கே நிற்கலாம் என்று சொல்வது. சாயங்காலத்துக்குள் காது சுட்டுப்போகும். மூன்று ஷீட்டும் ஒத்துப்போகிற நாளில் டீ நீயே வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தாய். அந்த டீயை நான் அதிகம் குடித்ததில்லை.

எல்லாம் கணவாய் மீன் ஏற்றி வந்த ஒரு பெட்டியில் ஆரம்பித்தது. குளிரூட்டும் பெட்டிக்கு யார்டில் கரண்டு கொடுத்தே வைத்திருக்க வேண்டும். அது வந்த அன்று கேட்டில் எழுதிய துண்டுச் சீட்டு டிரேயிலேயே கிடந்தது. யார்டு ஷீட்டில் யாரோ முந்திய வரியை அப்படியே கீழே இழுத்துவிட்டதில், இணைப்புக் கொடுத்தாயிற்று என்று பதிவாகிவிட்டது. எலக்ட்ரீசியன் மரியதாஸ் அண்ணன் ஷீட்டைப் பார்த்தார், எல்லாம் சரியாக இருந்தது, அந்த வரிசைப் பக்கம் அவர் போகவில்லை. சித்திரை வெயில். நாற்றம் வந்த பிறகுதான் பெட்டியைத் திறந்தார்கள். பழியை அவர் தலையில் போட்டு அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

நீ மேனேஜர் அறைக்குள் போனாய். கதவு திறந்தே இருந்ததால் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. நீ சத்தம் போடவில்லை. "மரியதாஸ் அண்ணன் எங்க பாத்திருக்கணும், சார்? ஒரு ஷீட்டுல கரண்டு குடுத்தாச்சுன்னு இருக்கு. ஒரு ஷீட்டுல அந்தப் பெட்டியே இல்ல. சீட்டு டிரேல கெடக்கு. இதுல எத அவரு நம்பணும்?"

மேனேஜர் நல்ல மனிதர்தான், ஆனால் மேலிடத்துக்கு ஒரு பெயர் சொல்ல வேண்டியிருந்தது. நீ விடவில்லை. சந்திக்கிற ஒவ்வொருவரிடமும் அதே கேள்வியைக் கேட்டாய். சில வாரம் கழித்து மரியதாஸ் அண்ணன் வேலைக்குத் திரும்பினார். அதோடு, கேட், யார்டு, பில் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்க்கிற புது சிஸ்டம் வாங்குவது என்றும், நம் பக்கத்தில் அதை நீயே முன்நின்று நடத்துவது என்றும் முடிவாயிற்று. உனக்காக நான் சந்தோஷப்பட்டேன். மறுநாள் மதியம் வரைக்கும்.

கேண்டீனில் நீ டிபன் டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தாய்.

"ஏளா, ஒண்ணு சொல்லுதேன். புது சிஸ்டம் வந்தா டிரைவருங்களுக்கு மெசேஜ் தானா போயிரும். போன் பண்ண ஆளு வேண்டாம். உன் வேலதான் மொதல்ல போகும்."

கையில் எடுத்த சோற்றைத் திரும்ப டப்பாவிலேயே வைத்தேன்.

"வேற யாரும் சொல்லி நீ கேக்கக் கூடாதுன்னு நெனச்சேன்" என்றாய்.

உன் வேலை என்ன ஆகும் என்று கேட்டேன். மூன்று ஷீட்டே இல்லையென்றால் தனக்கு மட்டும் என்ன வேலை என்றாய். உனக்கு வேறு வேலை கிடைக்கும், உன் படிப்பு அப்படி, என்னை யார் எடுப்பார்கள் என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன். பஸ்ஸில் வீடு வரைக்கும் ஜன்னல் பக்கமே திரும்பிக்கொண்டு வந்தேன். வீட்டுக்காரருக்கு உப்பளத்தில் வேலை, மழை வந்தால் அதுவும் நின்றுவிடும். மாதம் தவறாமல் வருவது என் சம்பளம் ஒன்றுதான்.

அதற்குப் பிறகு பல நாள் உன்னோடு பேசவில்லை. நீ வழக்கம்போல மதியம் எதிரில் வந்து உட்காருவாய். உன் டப்பாவிலிருந்து பொரித்த மீனையோ அவியலையோ என் மூடியில் வைப்பாய். நான் அதையும் சாப்பிடுவேன். சமாதானம் செய்ய ஒரு வார்த்தை நீ சொன்னதில்லை. எழுந்து போனதும் இல்லை.

சென்னையிலிருந்து சிஸ்டம் செய்கிறவர்கள் வந்தார்கள். ஆங்கிலத்தில் இருந்தால் போதும் என்றவர்களிடம், வண்டி ஓட்டுகிறவரும் கரண்டு வேலை பார்ப்பவரும் படிக்கிற திரை தமிழில்தான் இருக்க வேண்டும் என்று நீ பிடிவாதமாக நின்றாய். எங்கள் எல்லோரையும் கூப்பிட்டிருந்த அடுத்த கூட்டத்துக்குத் தமிழில் செய்து கொண்டுவந்தார்கள். 'குளிர்பதனக் கொள்கலன் மின்னிணைப்பு நிலை: செயலாக்கப்பட்டது.' மரியதாஸ் அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை வாசித்தார். "இது எந்தூருத் தமிழு மேடம்?" என்று உன்னிடம் கேட்டார்.

அறையே சிரித்தது. நீ சிரிக்கவில்லை. அத்தனை பேருக்கு நடுவே என் பக்கம் திரும்பினாய். "வார்த்தைய இவ சொல்லட்டும். இந்த ஆளுககிட்ட நாள் பூரா பேசுதது இவதான்."

எனக்குக் கோபம் இன்னும் தீர்ந்திருக்கவில்லை. ஆனாலும் வாய் சொல்லிவிட்டது: "கரண்டு குடுத்தாச்சு." அந்தச் சென்னைப் பையன் அப்படியே போடலாமா என்று தயங்கினான். நீ தலையாட்டினாய், போட்டான். அதன் பிறகு அந்த அறையிலேயே பல வாரம் இருந்தோம். 'கேட்டுக்கு வரலாம்.' 'பெட்டி ஏத்தியாச்சு.' 'கொஞ்சம் பொறுங்க.' இந்தக் கடைசி வரிக்கு ஒரு பெரிய வாக்குவாதமே நடந்தது. 'காத்திருக்கவும்' போதாதா என்றான் அவன். அப்படிச் சொன்னால் வண்டியை விட்டு இறங்கி வந்து சண்டை போடுவார்கள் என்றேன். சண்டை வேண்டாம் என்று நீ முடித்துவைத்தாய்.

கேண்டீனில் என்னிடம் சொல்வதற்கு முன்னாலேயே என்னை இந்த வேலையில் சேர்க்கச் சொல்லி மேனேஜரிடம் நீ கேட்டிருந்தாய் என்பதும், அவர் அப்போது பிடி கொடுக்கவில்லை என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கைக்கு வராத ஒன்றைக் காட்டி என்னைத் தேற்ற நீ விரும்பவில்லை.

சிஸ்டம் ஓட ஆரம்பித்த முதல் நாள் ஐப்பசி மழை. காலையிலேயே இணைய லைன் அறுந்தது. துறைமுகச் சாலையில் டிரெய்லர்கள் ஒன்றன் பின் ஒன்றாக நின்றன. இன்றைக்குப் பழையபடி பேப்பரில் எழுதிக்கொள்ளலாம், நாளை பார்க்கலாம் என்றார் மேனேஜர். இன்று திரும்பிப் போனால் மூன்று ஷீட்டு நான்கு ஆகிவிடும், மதியம் வரைக்கும் பொறுங்கள் என்று நீ கேட்டாய். அரை மனதோடு சரி என்றார். நீ குடையை எடுத்தாய். வரிசையில் நிற்பவர்களிடம் சொல்லிவிட்டு வரலாம் வா என்றாய். போன் பண்ணுகிறேனே என்றேன்.

"மழையில நிக்க வச்சிருக்கோம். மூஞ்சியப் பாத்துச் சொல்லணும்ளா."

அத்தனை வருடத்தில் அவர்கள் யாரையும் நான் நேரில் பார்த்ததில்லை. சிலர் திட்டினார்கள், நீ குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு முழுவதும் கேட்டாய். ஒரு வண்டியில் நரைத்த மீசைக்காரர், ஓட்டப்பிடாரத்துக்காரர், திட்ட வாயெடுத்தவர் நான் பேசியதும் நிறுத்திவிட்டார். "ஏ தாயி, நீதான் அந்த போன் பிள்ளையா?" என்றார். கதவைத் திறந்து, நனையாதே, ஏறி உட்கார் என்றார். மதியம் தாண்டி லைன் வந்தது. வரிசை நெடுகிலும் கைப்பேசிகள் ஒவ்வொன்றாக ஒலித்தன. அவர் தன்னுடையதை எட்டிப் பிடித்து உரக்க வாசித்தார், 'கேட்டுக்கு வரலாம்.' பிறகு என்னைப் பார்த்து, "நீ பேசுத மாதிரியே இருக்கே" என்றார். அன்று சாயங்காலம்தான் உன்னிடம் பழையபடி பேசினேன். காலில் சேறு என்றேன். உனக்கும்தான் என்றாய்.

அடுத்த மழைக்கு முன்னால் உன் நோய் தெரிந்துவிட்டது. மதுரை ஆஸ்பத்திரிக்கு ஒரு முறை உன் கணவரால் வர முடியாமல் நான் வந்தேன். துணிப்பையில் உன் ஃபைல்களைச் சுமந்துகொண்டு ஒவ்வொரு கவுன்டராகப் போனோம். ஒவ்வொரு இடத்திலும் பெயர், வயது, என்ன நோய் என்று முதலிலிருந்து கேட்டார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. நீ தலையில் கட்டிய துணியைச் சரிசெய்தபடி, இங்கேயும் நம்ம மூணு ஷீட்டுதான் என்று சிரித்தாய். கடைசிக் கவுன்டரில் தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண்ணைக் காட்டி மெதுவாகச் சொன்னாய், "அவளப் பாரேன். காலைல இருந்து ஒரே பேர எத்தன எடத்துல அடிச்சிருப்பா. கை வலிக்குமே." வலி உனக்கு இருந்தது. உனக்கு அவள் கைதான் தெரிந்தது.

நாசரேத்தில் உன்னை அடக்கம் செய்த அன்று மரியதாஸ் அண்ணன் கல்லறைத் தோட்டத்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, எல்லோரும் போன பிறகும் நின்றுகொண்டிருந்தார்.

போன் வேலை போனாலும், சிஸ்டத்தைப் பார்த்துக்கொள்ள நம் இருவரையும் வைத்துக்கொண்டிருந்தார்கள். இப்போது உன் வேலையையும் நானே பார்க்கிறேன். சிஸ்டத்தில் எது மாறினாலும் யார்டில் இறங்கிப் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன். போன வாரம் ஒரு கூட்டம். கேட்டில் கேமரா வைக்கப் போகிறார்கள், வண்டி நம்பரை அதுவே படித்துப் பதிந்துகொள்ளும். கேட்டில் நம்பர் பதிகிறவர் சுடலைமுத்து அண்ணாச்சி. உத்தரவு வருவதற்கு நாளாகும், அதுவரை யாரும் எதுவும் சொல்ல வேண்டாம் என்றார்கள். பெட்டியின் சீல் உடையாமல் இருக்கிறதா என்று கேமரா பார்க்காது, அந்த வேலையை அண்ணாச்சிக்குக் கொடுங்கள் என்றேன். யோசிக்கலாம் என்றார்கள். அவருக்கு இது முன்னமே தெரிய வேண்டும், நானே சொல்கிறேன் என்றும் சொல்லிவிட்டேன். மேனேஜருக்குப் பிடிக்கவில்லை, ஆனால் தடுக்கவில்லை.

கேட் வரைக்கும் நடப்பதற்குள் இரண்டு முறை பாதியில் நின்றேன். கேண்டீனில் நீ டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. கேமரா வரப்போவதை நான் சொல்ல, அண்ணாச்சி முழுவதும் கேட்டுவிட்டு, "இதச் சொல்லத்தான் இங்கன வந்தியாக்கும்?" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பி அடுத்த வண்டி நம்பரைப் பதிய ஆரம்பித்தார்.

அன்றிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. இன்று சாயங்காலமும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குக் கோபம் வரவில்லை. அவர் கேட்காத சமாதானத்தை, இன்னும் கைக்கு வராத சீல் வேலையை, நான் சொல்லவும் இல்லை. சீல் வேலைக்காக நாளையும் மேனேஜரைப் பார்ப்பேன். அண்ணாச்சி பதில் சொல்கிற வரைக்கும், காலையில் கேட்டைத் தாண்டும்போது நின்று அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போவேன்.