பிரிட்டிஷ் படத்துக்கு ஒரு பிடி மண்

எஹலியகொட,
மேல் டிவிஷன்,
ஜூன் 9.

அன்புத் தம்பி ஸ்ரீதரனுக்கு,

உன் அக்கா கோகிலா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை. நீயாவது சுகமாக இருக்க வேண்டுமென்று மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். லயத்து ஒற்றை அறைக் காம்பராவில் போனில் எதைப் பேசினாலும் கட்டிலில் கிடக்கிற உன் மச்சான் காதில் விழும். இது அவர் காதில் விழக்கூடாது. மாவனல்லை ஜஸீல் நானா அங்கே இருக்கிற தன் மகளைப் பார்க்க லண்டன் வருகிறார். அவர் கையில் இதையும் ஒரு சின்னப் பொட்டலத்தையும் கொடுத்திருக்கிறேன். பொட்டலத்தை இப்போதே பிரிக்காதே.

இங்கே மழை விடவில்லை. ரப்பர் பால்வெட்டு வாரத்துக்கு இரண்டு நாள்தான். கூரைத் தகரம் உன் மச்சான் தலைமாட்டிலேயே ஒழுகுகிறது, கட்டிலை இழுத்துப் போட்டிருக்கிறேன். அதை விடு.

நீ வேலை செய்கிற தியேட்டரில் இருபத்தேழாம் தேதி இங்கே வந்து எடுத்த அந்தப் படம் வருகிறது என்று சொன்னாயே, அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. டைரக்டரும் வந்து, படம் முடிந்ததும் ஜனங்கள் கேட்பதற்குப் பதில் சொல்வாராம். கேட்கிறவர்களிடம் மைக்கைக் கொண்டுபோய்க் கொடுப்பது உன் வேலையாம். சாமி இல்லை என்று இனி யாராவது என் முன்னால் வந்து சொல்லட்டும்.

நடந்ததை நீ மச்சான் வாயால்தான் கேட்டிருக்கிறாய். அவர் சிரித்துச் சிரித்துச் சொல்லியிருப்பார். நான் சொல்கிறேன், கேள். முந்தின வருஷம் ஐப்பசி மழையில் படம் எடுக்க வந்தார்கள். பழைய காலத்து வெள்ளைக்காரத் துரையின் கதை. துரைசாணி செத்த செய்தியோடு மலைச்சரிவில் ஓடிவரும் கூலிக்கு ஆள் வேண்டுமென்று உன் மச்சானைப் பிடித்தார்கள். அவருக்குத் தலைகால் புரியவில்லை. உடுப்புக்காரப் பெண் அவருடைய பூட்சைக் கழற்றி வாங்கிக்கொண்டாள், அந்தக் காலத்துக் கூலிகள் வெறுங்காலாம். உண்மைதான், நம் முப்பாட்டன் வெறுங்கால்தான். ஆனால் அவன் மழையில் அந்தச் சரிவில் ஓடியிருக்க மாட்டான், குந்திக் குந்தித்தான் இறங்கியிருப்பான்.

இவர் ஓடினார். தண்ணீர் ஓடுகிற கான் ஓரத்துக் கல்லில் வழுக்கி உருண்டார். கேமரா நிற்கவில்லை. டைரக்டர் கைதட்டினார். தட்டி முடித்த பிறகுதான் இவர் எழும்பவில்லை என்று கண்டார்கள். தோட்டத்து லொறியில் இரத்தினபுரிக்குக் கொண்டுபோனோம். முதுகெலும்பு முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லை என்றார்கள். இனி அந்த டைரக்டருக்கு என்னிடம் மரியாதை கிடையாது, அவன்தான்.

கொழும்பில் அவர்களுக்கு ஆள் பிடித்துக் கொடுத்த ஏஜண்டிடம் மூன்று தடவை போனேன். கரன்ன தெயக் நே, எங்களால் ஆவது ஒன்றுமில்லை என்று சிங்களத்தில் சொல்லிவிட்டான். இங்கே பிடித்த பகுதிக்கு இங்கேயுள்ள கம்பெனிதான் பொறுப்பாம், அந்தக் கம்பெனியும் மூடியாச்சாம். அப்படியென்றால் அது என்ன தேசத்துப் படம் என்று உன்னைக் கேட்டேன். நீ புள்ளிக் கணக்குச் சொன்னாய். கதை, பாத்திரங்கள், பேசுகிற பாஷை, வேலை செய்கிறவர்கள் என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளியாம், முப்பத்தைந்துக்குப் பதினெட்டு எடுத்தால் பிரிட்டிஷ் படமாம், அரசாங்கம் வரிச் சலுகையும் கொடுக்குமாம். நம் பள்ளிக்கூடத்து ஓ.எல். பரீட்சையே இதைவிடக் கஷ்டம். பாஷைக்குப் புள்ளி இங்கிலீஷ் பேசினால்தானாம், நீ முன்னாலேயே பார்த்த படம் முழுக்க நம் ஆட்கள் ஏன் ஊமையாக நிற்கிறார்கள் என்பதும் அப்போதுதான் விளங்கியது. பரிசு வாங்கப் போனால் பிரிட்டிஷ் படம். முதுகு உடைந்தால் இலங்கைப் படம்.

இப்போது அந்த விழுகையைத்தான் டிரெய்லரில் போட்டு ஊரைக் கூப்பிடுகிறான். போஸ்டரிலும் அதுதான், மூடுபனிக்குள் தலைகீழாக ஒரு மனிதன். சின்னப் பிள்ளைகளும் பார்க்கலாம் என்று சான்றிதழ் வேறு. உன் மச்சான் அதைப் போனில் ஓட்டி ஓட்டிப் பார்க்கிறார். நான் விழுந்ததுதான் படத்துலயே நல்லா இருக்குதாம் புள்ள என்று பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறார்.

ஆகவே இருபத்தேழாம் தேதி மைக்கை ஒருத்தருக்கும் கொடுக்காதே. நீயே பிடித்துக்கொள். அந்த டைரக்டரிடம் இங்கிலீஷிலேயே கேள், தமிழுக்குத்தான் புள்ளி இல்லையே. சரிவில் விழுந்தவனின் பெயர் என்ன என்று மட்டும் கேள். அவனுக்குத் தெரியாது. கடைசியில் ஓடுகிற பெயர்களில் குதிரைக்காரன் பெயர் இருக்கிறது, குதிரைக்குக் காயமில்லை என்றும் போட்டிருக்கிறது, கூலிக்கு மட்டும் பெயரில்லை என்று நீதானே சொன்னாய். அத்தனை பேர் முன்னால் அவன் முழிக்கட்டும். நன்றாக முழித்த பிறகு நீ சொல். கட்டினவர் பெயரை நான் இன்றுவரை வாயால் சொன்னதில்லை, கையால் எழுதித் தருகிறேன்: இராமசாமி சுதாகரன். அவர் நடிக்கவில்லை என்றும் சொல்.

அதற்குப் பிறகு பொட்டலத்தைப் பிரி. உள்ளே இருப்பது அவர் விழுந்த இடத்து மண். இந்த ஊர்க்காரனாக இருந்தால் நானே அவன் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றி, நாசமாய்ப் போ என்று சொல்லியிருப்பேன். அந்த வாசல் எனக்கு எட்டவில்லை. என் கையாக நின்று நீ தூற்று.

வேலை போய்விடும் என்பாய். போகட்டும். நீ லண்டன் போன அன்று உன் பெட்டியைத் தலையில் வைத்து அதே சரிவில் இறங்கி, பஸ்ஸில் ஏற்றிவிட்டவர் யார்?

இன்னும் ஒன்று. இதை யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்கு அவர் பூட்சைக் கழற்றியதும், அட்டை கடிக்குமே என்று நான்தான் வீட்டுக்கு ஓடிப்போய்ச் சவுக்காரக் கட்டியை எடுத்து வந்தேன். அட்டைக்கு நாம் எப்போதும் பூசுவதுதானே. கணுக்காலுக்கு மேலே பூசினால் போதும். நான் விரல் இடுக்கு, உள்ளங்கால் எல்லாம் தேய்த்தேன். போதும் புள்ள, வழுக்கும் என்றார். வெள்ளைக்காரங்க முன்னால ரத்தம் வழிய நிக்கப் போறீங்களா என்று கேட்டு இன்னும் தேய்த்தேன். அப்போதுதான் மழை பிடித்தது. இன்றுவரை அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. அவர் காலைத் துடைத்துவிடும்போது வெறும் தண்ணீரில்தான் துடைக்கிறேன்.

சரிவில் இரண்டு பிடி மண் அள்ளினேன். ஒரு பிடிதான் உன்னிடம் வருகிறது. மற்றது இங்கே சவுக்காரப் பெட்டிக்குள் இருக்கிறது. அதை யார் தலையில் தூற்றுவது என்று நீ சொல், நீ படித்தவன்.

போகிற இடத்திலெல்லாம் உன் கால் வழுக்காமல் இருக்கட்டும், தம்பி.

உன் அக்கா,
கோகிலா