ஆளில்லாத வாசலில் வைத்த தண்ணீர்

அண்ணே,

காய்ந்த பானையில் தண்ணீர் விழுந்ததும் ஒரு மண்வாசம் கிளம்புமே, இன்று காலை அது மூக்கில் ஏறியதும் நீங்கள் எதிரே நிற்பது போலிருந்தது. நம் ஊர் லான்மடாவில், நம் தெருவில் வழிப்போக்கருக்காக வாசலுக்கு வாசல் தண்ணீர்ப் பானை உண்டு. நீங்கள் கண்மூடி, உங்கள் வீடும் பூட்டப்பட்டதிலிருந்து உங்கள் பானை மட்டும் வெறுமனே கிடந்தது.

கப்பல் வேலையை விட்டு வந்த புதிதில், என் தோசைக் கடை பெஞ்சில் உட்கார்ந்து சொன்னீர்கள். ஆப்பிரிக்காப் பக்கம் ஒரு மணல் தீவு. அதில் ஒரு முழு ஊர், வேதக்கோயிலும் வரிசை வீடுகளுமாக, ஆளில்லாமல் நிற்கிறது. கரையிலிருந்து குழாயில் தண்ணீர் வந்த ஊராம். கரையோடு சேர்த்திருந்த நிலத்தைக் கடல் அறுத்துத் தீவாக்கியது. குழாயும் போயிற்று, பிறகு சனமும் போயிற்று.

"ஒரு வீட்டு வாசல்ல என் தண்ணி பாட்டில வெச்சுட்டு வந்தேன், தங்கச்சி."

"யாருக்குண்ணே, பேய்க்கா?"

"வர்றவங்களுக்கு."

"இன்னும் ரெண்டு கரண்டி சட்னி வேணும்னா வாயத் தொறந்து கேளுங்க. அதுக்கு இம்மாம் பெரிய புளுகா!"

கடையே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். அன்றிலிருந்து உங்களுக்கு 'தீவு அண்ணன்' என்று பெயர் வைத்தேன். அந்தக் கதையை நீங்கள் மறுபடி எடுக்கவே இல்லை. அது எனக்குத் தெரிந்தும் கிண்டலை விடவில்லை.

நேற்று மகள் போனில் ஒரு படத்தை நீட்டினாள். "அம்மே, தீவு மாமா சொன்ன ஊரு!"

அண்ணே, அப்படியே இருக்கிறது. சிலுவையோடு வேதக்கோயில். சன்னல் வழியே வீட்டுக்குள் ஏறி உட்கார்ந்திருக்கும் மணல். சுற்றிலும் கண்ணுக்கு எட்டியவரை தண்ணீர், குடிக்க ஒரு சொட்டு இல்லை. அங்கேயும் ஒருத்தி அடுப்பு மூட்டியிருப்பாள், பக்கத்து வீட்டோடு சண்டை போட்டிருப்பாள். ஒரு குழாய் அறுந்ததற்கு ஓர் ஊரே எழுந்து போகுமா! மாவுக் கரண்டியோடு அப்படியே நின்றேன். கல்லில் தோசை கருகியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒவ்வொரு வாசலிலும் உங்கள் பாட்டிலைத் தேடினேன்.

அன்று சிரித்தவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். "அண்ணன் சொன்னது நெசம், நாந்தான் புளுகி" என்றேன். அதைக் கேட்க நீங்கள்தான் பெஞ்சில் இல்லை.

அதனால்தான் காலையிலேயே உங்கள் வாசலுக்குக் குடத்தோடு வந்தேன். எதிர் வெற்றிலைக் கடைக்காரர் சும்மா இருப்பாரா?

"பூட்டுன வீட்டு வாசல்ல யாருக்குக்கா தண்ணி? பேய்க்கா?"

என் வாய்க்கு அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருக்கலாம். பானையை மூடி, அதன் மேல் குவளையைக் கவிழ்த்து வைத்தேன்.

"வர்றவங்களுக்கு" என்றேன்.