சிவப்பு தெரியாத திரை

பாய்,

நேற்று ஒரு தோல் தொழிற்சாலைக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் தண்ணீர் மாதிரி எடுக்கப் போயிருந்தேன். வெளியேறும் தண்ணீரின் அளவீடுகளை ஊர்க்காரர்கள் பார்க்கட்டும் என்று வாசலில் பெரிய திரை ஒன்று வைத்திருக்கிறார்கள். எண்கள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடுகள். ஏன் என்று கேட்டேன். அங்கிருந்த பொறியாளர் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமலே, "டிஸ்பிளே ப்ராப்ளம் மேடம்" என்றார்.

சுண்ணாம்பும் அழுகிய கொழுப்பும் கலந்த நாற்றம் எனக்குப் புதிதில்லை. அந்த வார்த்தைகளும் புதிதில்லை. உங்களிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பீர்கள். நீங்கள் இல்லை; அதனால் எழுதுகிறேன்.

நாம் ஒன்றாக வேலை பார்த்த நிலையத்தில் நான் ஆய்வகம், நீங்கள் கன்ட்ரோல் ரூம் கம்ப்யூட்டர். அப்போதே அது கிழட்டு மெஷின். அந்தப் பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தில் மட்டும்தான் மீட்டர் சாஃப்ட்வேர் ஓடும் என்பதால் மாற்றாமல் வைத்திருந்தார்கள். திரையில் தொட்டிக்கு ஒரு கட்டம். தண்ணீர் அளவுக்குள் இருந்தால் பச்சை, மீறினால் சிவப்பு. கடைசிக் கட்டத்தைத் தாண்டினால் பாலாறு.

ஒருநாள் கீழே இருக்கும் கிராமத்துப் பெண்கள் தங்கள் கிணற்றுத் தண்ணீரைக் குடங்களில் கொண்டுவந்து நம் கேட் முன்னால் கொட்டிவிட்டுப் போனார்கள். தரையில் நுரை நின்றது. அதிகாரிகள் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது.

மறுநாளே கரண்ட் போய் வந்ததில் கம்ப்யூட்டர் கெட்டது. திரையில் எழுத்துகள் பூதாகரமாகப் பெருத்தன. ஒரு எண் அழியாமலே அதன் மேல் அடுத்த எண் விழுந்தது. பச்சையும் சிவப்பும் ஒரே சாணி நிறமாகிவிட்டன. நீங்கள் கேபிளைக் கழற்றி மாட்டினீர்கள். ஆபீஸ் மானிட்டரைத் தூக்கி வந்து வைத்தீர்கள். அதிலும் அதே சாணி.

"மானிட்டர் மேல தப்பு இல்லமா. உள்ள டிரைவர் பூட்ச்சு. அது இல்லாம இந்த சிஸ்டத்துக்கு கலரே தெரியாது," என்றீர்கள்.

டிரைவர் என்றால் திரைக்கு எப்படிப் படம் காட்டுவது என்று சிஸ்டத்துக்குச் சொல்லித்தரும் சின்ன சாஃப்ட்வேர் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அதன் சிடியைத் தேடி அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தபோது மேனேஜர் உள்ளே வந்தார். திரையைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி. அதை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு கூசுகிறது.

"பாய், இன்னாத்துக்கு இவ்ளோ பேஜாரு? ஆபீசருங்க வந்துட்டுப் போற வரைக்கும் அப்படியே இருக்கட்டும். ஸ்கிரீன் ரிப்பேர்னு சொல்லிக்கலாம்."

"ஸ்கிரீன் ரிப்பேர் ஆவட்டும் சார். தண்ணி ரிப்பேர் ஆயிருக்கே?"

மேனேஜர் உங்களுக்கும் எனக்கும் டீ வரவழைத்துக் கொடுத்தார். அந்த டீயை நான் தொடவில்லை. நீங்கள் குடித்துவிட்டீர்கள்.

சிடி கிடைக்கவில்லை. ஆம்பூர் பஜாரில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த உங்கள் தோஸ்திடம் போய் அந்த டிரைவரைச் சிடியில் பதிந்து வாங்கி வந்தீர்கள். முதல் முறை போட்டபோது திரை மொத்தமாகக் கறுத்துவிட்டது. சேஃப் மோடில் ஏற்றி, பழையதை நீக்கி, மறுபடி போட்டீர்கள். அதிகாரிகளின் ஜீப் கேட்டுக்குள் நுழையும்போது கம்ப்யூட்டர் மீண்டும் உயிர்பெற்றது. கடைசிக் கட்டம் ரத்தமாகச் சிவந்து நின்றது.

அதிகாரி திரையைப் பார்த்தார். மேனேஜர் கூசாமல் சொன்னார்: "டிஸ்பிளே ப்ராப்ளம் சார். ரெண்டு நாளா கலரு தப்புத் தப்பா காட்டுது."

அதிகாரி தலையாட்டிவிட்டுப் பேனாவை எடுத்தார். அப்போது நீங்கள் குரலை உயர்த்தாமல் சொன்னீர்கள்: "காத்தால வரைக்கும் ப்ராப்ளம் சார். இப்ப சரி பண்ட்டேன். இது நெஜக் கலரு."

நான் ஆய்வகத்துக்கு ஓடினேன். காலையில் கடைசித் தொட்டியில் எடுத்த தண்ணீர்ப் பாட்டிலைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்து மூடியைத் திறந்தேன். "திரையை நம்ப வேண்டாம் சார், இதைப் பாருங்க" என்றேன். அதிகாரி கர்ச்சீப்பால் மூக்கை மூடிக்கொண்டார். மேனேஜரோ, மோந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லாத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

சில நாட்கள் நிலையத்தை மூடினார்கள். பிறகு திறந்துவிட்டார்கள். மேனேஜருக்கு வேறொரு நிலையத்தில் இன்னும் பெரிய பதவி கிடைத்தது. உங்களை அனுப்பிவிட்டார்கள். சொன்ன காரணம், கம்ப்யூட்டரைச் சரியாகப் பராமரிக்கத் தெரியவில்லை என்பது. அதைக் கேட்ட அன்றே நானும் வேலையை விட்டேன்.

நீங்கள் பஜாரில் சின்னதாக ரிப்பேர் கடை போட்டீர்கள். ஒருமுறை அங்கே வந்து, வருத்தமா என்று கேட்டேன். "வேலை பூட்ச்சேன்னு வருத்தமில்லமா. அந்தாளு குடுத்த டீய குடிச்சுட்டனே, அதான் இன்னும் தொண்டையிலயே நிக்குது," என்றீர்கள். சிரித்துக்கொண்டேதான் சொன்னீர்கள்.

போன நோன்பு மாதம் நெஞ்சுவலியில் போய்விட்டீர்கள். அடக்கத்தன்று உங்கள் வீட்டு வாசலில் அந்த மேனேஜரும் நின்றிருந்தார், பாய். வெள்ளைச் சட்டையில், நரைத்த தலையுடன். என்னிடம் வந்து, "கம்ப்யூட்டர்ல கெட்டிக்காரரு. நம்ம ஆளு," என்றார். நம்ம ஆளு! கைகொடுக்க வந்தார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவர் நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. வந்தவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றிருந்தேன்.

இப்போது ஒரு தனியார் ஆய்வகத்துக்காக ஊர் ஊராகப் போய் மாதிரி எடுக்கிறேன். எந்த நிலையத்திலும் ஒரு வாய் டீ குடிப்பதில்லை. கர்வம் என்கிறார்கள். நேற்றும் அந்தப் பொறியாளர் மரியாதையாகக் கப்பை நீட்டினார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பூட்ஸை மாட்டிக்கொண்டு, தண்ணீர் வெளியேறும் வாய்க்காலுக்கே இறங்கினேன்.

"மேடம், அங்க ரொம்ப அசிங்கமா இருக்கும்" என்று மேலிருந்து கத்தினார்.

அசிங்கமாகத்தான் இருந்தது, பாய். குனிந்து பாட்டிலில் மொண்டுகொண்டேன்.